வாசகர் கேள்வி–பதில்: இறகில்லாமல் காற்றில் செல்பவை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஆஸ்திரேலியக் காட்டுயிர்களைப் பற்றியவை. பள்ளி விடுமுறையில் பல குடும்பங்கள் பெர்த், பிரிஸ்பேன், மெல்பர்ன் என்று போய்வந்திருக்கின்றன. கைப்பேசியில் பரவும் சுகர் கிளைடர் காணொளிகளும் ஆர்வத்தைக் கிளப்பியிருக்கின்றன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, விரிவாகச் சொல்ல வேண்டியவற்றுக்கு விரிவாகவே இங்கு விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் பத்து வயது மகன், உள்ளங்கைக்குள் அடங்கும் சுகர் கிளைடர் என்ற பிராணியைக் காணொளியில் பார்த்துவிட்டு, அதை வாங்கித் தரும்படி மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். சிறிய பிராணி என்பதால் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு அது பொருத்தமாக இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. இணையத்தில் ஒருவர் விற்பதாகச் சொல்கிறார். வாங்கலாமா? — இரு பிள்ளைகளின் தாய், செங்காங்

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. சிங்கப்பூரில் சுகர் கிளைடரைச் செல்லப்பிராணியாக வளர்ப்பதற்கு அனுமதி இல்லை. அதை விற்பதும் வைத்திருப்பதும் வனவிலங்குச் சட்டத்தின்படி குற்றம். விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அந்தப் பிராணி இங்கே கடத்தி வரப்பட்டதாகவோ, கடத்தி வரப்பட்டவற்றின் குட்டியாகவோதான் இருக்க முடியும்.

சட்டம் இருப்பதால் மட்டும் நான் தடுக்கவில்லை. சட்டமே இல்லாவிட்டாலும் இதே விடையைத்தான் எழுதியிருப்பேன். சுகர் கிளைடர் சுமார் 100 முதல் 150 கிராம் எடையுள்ள, முழுக்க முழுக்க இரவில் இயங்கும் பைப்பாலூட்டி, அதாவது கங்காருவைப் போல் குட்டியை வயிற்றுப்பையில் வளர்க்கும் விலங்கு. காட்டில் அது தனித்து வாழ்வதில்லை. ஒரே மரப்பொந்தில் இலைகளைப் பரப்பி, ஏழெட்டு உறவுகள் ஒன்றையொன்று அணைத்தபடி பகலெல்லாம் உறங்கும். குடும்பத்தின் தலைமை ஆண், தன் தலையிலும் மார்பிலும் உள்ள சுரப்பிகளின் மணத்தை மற்றவற்றின் மீது பூசிவைக்கும்; அந்த மணத்தைக் கொண்டே அவை ஒன்றையொன்று தம் குடும்பம் என்று அறிந்துகொள்கின்றன. இப்படிப்பட்ட உயிரைத் தனியே கூண்டில் அடைத்தால், அது மனம் வெதும்பித் தன் ரோமத்தைத் தானே பிய்த்துக்கொள்வதும், தன் வாலையும் காலையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதும் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த துயரம்.

உணவும் அப்படித்தான். வேலமரத்தின் பிசின், யூகலிப்டஸ் மரத்தின் சாறு, பூந்தேன், பூச்சிகள் ஆகியவற்றைப் பருவத்துக்கு ஏற்றபடி மாற்றி மாற்றி உண்ணும் வயிறு அது. பழத்துண்டுகளை மட்டும் கொடுத்து வளர்த்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்புகள் வலுவிழக்கும். பின்னங்கால்கள் செயலற்றுப் போகும். காணொளியில் அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தாவுவதைத்தான் உங்கள் மகன் பார்த்திருப்பான். காட்டில் அதே பிராணி ஒரே வீச்சில் 50 மீட்டர் வரை காற்றில் சறுக்கிச் செல்லும். நாம் வாழும் புளோக் ஒன்றின் முனையில் நின்று மறுமுனையைப் பார்க்கச் சொல்லி, அந்தத் தொலைவை அவனுக்குக் காட்டுங்கள்.

ஒரு தகவலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியா தன் நாட்டுக் காட்டுயிர்களை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. அமெரிக்கச் சந்தையில் விற்கப்படும் சுகர் கிளைடர்களின் மரபணுவை ஆராய்ந்தபோது, அவற்றின் மூதாதையர் இந்தோனீசியாவின் பாப்புவாப் பகுதியிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஆகவே, ‘ஆஸ்திரேலியாவில் முறையாக வளர்க்கப்பட்டது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் ஓர் உயிர் வேண்டும் என்றால் வெள்ளெலி, முயல், கினி எலி போன்ற அனுமதிக்கப்பட்ட பிராணிகள் இருக்கின்றன. காற்றில் சறுக்கும் விலங்கைத்தான் பார்க்க வேண்டும் என்றால், அடுத்த கடிதத்துக்கான விடையை உங்கள் மகனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பகுதியில் மாலை நடைப்பயிற்சியின்போது, பூனை அளவுள்ள ஏதோ ஒன்று போர்வையை விரித்ததுபோல் மரத்துக்கு மரம் போவதைப் பார்த்தோம். ஊரில் ஆனைமலைப் பக்கம் வளர்ந்த என் தாத்தா அதைப் பறக்கும் அணில் என்கிறார். நண்பர் ஒருவர், யாரோ வளர்த்துத் தப்பவிட்ட சுகர் கிளைடர் என்கிறார். யார் சொல்வது சரி? — கல்லூரி மாணவர், தோ பாயோ

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை, ஆனால் தாத்தாவின் ஊகத்துக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய பழுப்புநிறப் பறக்கும் அணில் உண்டு. அதைவிடச் சிறிய திருவிதாங்கூர் பறக்கும் அணில் நூறாண்டுக் காலமாக யார் கண்ணிலும் படாமல், அற்றுப்போனதாகவே கருதப்பட்டு, 1989-ல் கேரளக் காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. சிங்கப்பூரின் மத்திய நீர்ப்பிடிப்புக் காடுகளிலும் பறக்கும் அணில் இருக்கிறது. ஆயினும் அது சிறியது, பார்ப்பதும் அரிது. நீங்கள் சொல்லும் அளவையும் போர்வை போன்ற தோற்றத்தையும் வைத்துப் பார்த்தால், நீங்கள் கண்டது கொலுகோ.

மலாயாக் கொலுகோ இந்த மண்ணின் பூர்வீகக் குடி. ‘பறக்கும் லெமூர்’ என்று அழைக்கப்பட்டாலும் அது லெமூரும் அன்று, பறப்பதும் இல்லை. அணிலுக்கோ பைப்பாலூட்டிகளுக்கோ அது உறவில்லை. உயிரினங்களின் குடும்ப மரத்தில் குரங்குகளும் நாமும் அடங்கிய கிளைக்கு மிக அருகிலுள்ள கிளையைச் சேர்ந்தது. உலகில் சறுக்கிப் பறக்கும் பாலூட்டிகளிலேயே மிக விரிந்த தோற்படலம் கொலுகோவுடையதுதான். கழுத்தின் பக்கத்தில் தொடங்கி, கைவிரல் நுனி, கால்விரல் நுனி, வால் நுனி வரை ஒரே விரிப்பாகப் போகிறது. விரல்களுக்கு இடையிலும் சவ்வு உண்டு. இத்தனை பரப்பு இருப்பதால், 100 மீட்டருக்கும் அதிகமான தொலைவை அது உயரத்தை அதிகம் இழக்காமல் கடந்துவிடும்.

கொலுகோவின் குட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்த விடையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பைப்பாலூட்டி அல்லாத இந்த விலங்கு, பைப்பாலூட்டியைப் போலவே, சரியாக வளர்ச்சி பெறாத சிறு குட்டியைத்தான் ஈனுகிறது. வயிற்றில் பை இல்லாத குறையைத் தாய் தன் வால் படலத்தால் தீர்த்துக்கொள்கிறது. வாலை முன்புறமாக வளைத்தால் அந்தப் படலமே தூளியாகிவிடும். குட்டி அதற்குள் மார்போடு ஒட்டிக்கிடக்கும். தாய் மரம் விட்டு மரம் சறுக்கும்போதும் உடன் செல்லும். புக்கிட் தீமாவில் ஒரு முறை, தரையிலிருந்து மூன்று ஆள் உயரத்தில், மரப்பட்டையின் மேல் பூத்திருந்த பாசி என்று நான் எண்ணிக் கடக்கவிருந்த சாம்பல் திட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு தலை எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்தப் பாதையில் நடக்கும்போதெல்லாம் ஒவ்வொரு மரத்தையும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

செங்காங் அம்மையாருக்கும் இதுவே என் பரிந்துரை. பகலில் கொலுகோ அடிமரத்தில் ஒட்டியபடி ஓய்வெடுக்கும். அடர்ந்த கிளைகளுக்குள் தேடாதீர்கள். நேராக உயர்ந்த, வழவழப்பான அடிமரங்களை வேர் முதல் முதற்கிளை வரை மெதுவாகப் பாருங்கள். தொடுவதோ, மரத்தைத் தட்டுவதோ, பளீரென்ற ஒளியைக் கண்ணில் அடிப்பதோ கூடாது.

கேள்வி: கிளைடர்கள் உண்மையில் பறக்கின்றனவா? சிறகு இல்லாமல் எப்படி முடிகிறது? — உயர்நிலை இரண்டு மாணவி, ஈசூன்

பதில்: பறப்பது என்றால் தன் தசையின் வலிமையால் காற்றை அடித்து, விரும்பினால் மேலேயும் ஏறுவது. பாலூட்டிகளில் அதைச் செய்யக்கூடியது வௌவால் மட்டுமே. கிளைடர்கள் செய்வது சறுக்குவது. உயரத்தைச் செலவழித்துத் தொலைவை வாங்குகின்றன என்று வைத்துக்கொள். சுகர் கிளைடர் ஒரு மீட்டர் கீழே இறங்கும் நேரத்தில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் முன்னே போயிருக்கும். அதனால் எவ்வளவு உயரமான மரத்திலிருந்து குதிக்கிறதோ அவ்வளவு தூரம் போக முடியும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள். கீழே இன்னொரு விடைக்கு இது தேவைப்படும்.

மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் இடையில், விலாவின் ஓரமாக, ரோமம் மூடிய ஒரு தோற்படலம் மடிந்து கிடக்கிறது. பிராணி கிளையில் உட்கார்ந்திருக்கும்போது அது உடலின் பக்கத்தில் ஓரம் தைத்த துணிபோல் அலையலையாகத் தெரியும். குதித்தவுடன் நான்கு கால்களையும் நீட்டினால் படலம் விரிந்து ஏறக்குறையச் சதுரமாகிவிடும். ஒரு பக்கத்துக் கையைச் சற்றுத் தளர்த்தினால் அந்தப் பக்கம் திரும்பும். வால் நிலைதடுமாறாமல் காக்கும். இறங்கவேண்டிய மரத்தை நெருங்கியதும் உடலை நிமிர்த்தி, படலம் முழுவதையும் காற்றுக்கு எதிரே நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, நான்கு பாதங்களும் ஒன்றாகப் பதியும்படி மரத்தைப் பற்றிக்கொள்ளும்.

எல்லாக் கிளைடர்களுக்கும் இதே அமைப்பு இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பெரிய கிளைடர் என்ற இனத்துக்குப் படலம் மணிக்கட்டு வரை வராமல் முழங்கையோடு நின்றுவிடுகிறது. ஆகவே அது முழங்கைகளை வெளியே தள்ளி, கைகளை மோவாயின் கீழே மடக்கி வைத்துக்கொண்டு, முக்கோண வடிவில் காற்றில் செல்லும். இறகுவால் கிளைடர் இன்னொரு விதம். சுமார் 12 கிராம் எடையுள்ள அதுதான் உலகிலேயே மிகச் சிறிய சறுக்கிப் பறக்கும் பாலூட்டி. அதன் வாலின் இருபுறமும் விறைப்பான மயிர்கள் வரிசையாக நின்று, பறவையின் இறகைப் போலவே தோன்றும். அதன் விரல் நுனியிலுள்ள மெத்தைகள் செங்குத்தான கண்ணாடியில்கூட ஏறும் அளவுக்குப் பிடிப்புள்ளவை.

சுகர் கிளைடரின் குடும்பம், பெரிய கிளைடரின் குடும்பம், இறகுவால் கிளைடரின் குடும்பம் ஆகிய மூன்றும் தனித்தனியானவை. ஒவ்வொன்றின் நெருங்கிய உறவினர்களும் போசம் எனப்படும், மரத்தில் வாழும், சறுக்காத பைப்பாலூட்டிகள். அதாவது, ஆஸ்திரேலியாவின் பைப்பாலூட்டிகளில் மட்டும் இந்தத் திறன் மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. 2024-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, படலம் உருவாவதற்கு ஈஎம்எக்ஸ்2 என்ற மரபணு இன்றியமையாதது என்றும், தனித்தனியாகத் தோன்றிய இந்த இனங்களில் அதே மரபணுவைச் சுற்றியுள்ள பகுதிகளே மாற்றம் அடைந்திருக்கின்றன என்றும் காட்டியது. புதிதாக ஒரு மரபணு முளைக்கவில்லை. எல்லாப் பாலூட்டிகளிடமும் உள்ள பழைய மரபணு வேறு விதமாக இயங்கத் தொடங்கியது. உயிரியல் படிக்கும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு செய்தியைப் பற்றிக்கொண்டே நீ வெகுதூரம் போகலாம்.

கேள்வி: ஆஸ்திரேலியா நமக்கு இவ்வளவு அருகில் இருந்தும் கங்காரு, கோவாலா போன்ற பைப்பாலூட்டிகள் ஒன்றுகூட இங்கே இயற்கையாக இல்லாதது ஏன்? — ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர், பிடோக்

பதில்: கப்பலில் போனவர் நீங்கள் என்பதால் கடலின் ஆழத்திலிருந்தே தொடங்குகிறேன். பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அப்போது சுமத்ரா, ஜாவா, போர்னியோ, சிங்கப்பூர் எல்லாம் ஆசியப் பெருநிலத்தோடு ஒரே தரையாக இணைந்திருந்தன. அந்தப் பக்கம் நியூ கினியும் தாஸ்மேனியாவும் ஆஸ்திரேலியாவோடு இணைந்திருந்தன. நடுவிலிருந்த ஆழ்கடல் மட்டும் எந்தப் பனியுகத்திலும் வற்றவில்லை. புலியும் யானையும் நடந்து வந்த வழி ஜாவா, பாலிப் பக்கத்தோடு முடிந்தது. கங்காரு வந்த வழி மறுகரையில் முடிந்தது.

இதை எழுத்தில் பதித்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854-ல் சிங்கப்பூருக்கு வந்து, புக்கிட் தீமாக் காட்டில் வண்டுகளைச் சேகரித்துக்கொண்டிருந்தவர். 1856-ல் பாலியிலிருந்து பக்கத்துத் தீவான லொம்போக்குக்குப் போனபோது, குறுகிய ஒரு நீரிணையின் இரு கரைகளிலும் வேறு வேறு உலகங்கள் இருப்பதை அவர் கண்டார். பாலியில் ஆசியப் பறவைகள், லொம்போக்கில் ஆஸ்திரேலியப் பக்கத்துக் கொண்டைக்கிளியான காக்கட்டூ. அந்த இடைவெளியை இன்றும் வாலஸ் கோடு என்கிறோம். கோட்டுக்குக் கிழக்கே உள்ள சுலவேசியில் கஸ்கஸ் என்ற பைப்பாலூட்டி வாழ்கிறது. மேற்கே ஒன்றும் இல்லை.

பைப்பாலூட்டிகளும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவை அல்ல. தென் அமெரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் ஒட்டியிருந்த காலத்தில் அந்த வழியாக வந்து சேர்ந்தவை. குவீன்ஸ்லாந்தின் மர்கன் என்ற ஊரில் கிடைத்த சுமார் 5.5 கோடி ஆண்டுப் பழைமையான புதைபடிவங்கள் அந்தத் தொடக்கக் காலத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கண்டங்களில் ஓப்போசம் என்ற பைப்பாலூட்டி இன்றும் இருப்பதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: கங்காருக் குட்டி பைக்குள்ளேயே பிறக்கிறது என்கிறார்களே? — வாசகி, ஜூரோங்

பதில்: இல்லை. சிவப்புக் கங்காருவின் குட்டி சுமார் 33 நாள் கருவில் இருந்துவிட்டு, ஒரு கிராம் எடைகூட இல்லாத நிலையில், கண் திறவாமல், மற்றப் பாலூட்டிகளைப் போல் தாயின் உடலிலிருந்து வெளியே வருகிறது. பின்பு முன்னங்கைகளால் தாயின் ரோமத்தைப் பற்றி, தானாகவே ஏறி, பைக்குள் நுழைந்து, ஒரு காம்பைக் கவ்விக்கொள்கிறது. அண்ணன் குட்டி பையைவிட்டு வெளியே வந்து இன்னும் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி உள்ளே வந்துவிடுவதும் உண்டு. அப்போது தாய் ஒரு காம்பில் பிஞ்சுக்கான நீர்த்த பாலையும், இன்னொரு காம்பில் வளர்ந்த குட்டிக்கான கொழுப்பு மிகுந்த பாலையும் ஒரே நேரத்தில் சுரக்கும். இதைப் படித்த நாளில் நான் வேறு எதையும் படிக்கவில்லை.

கேள்வி: கோவாலா கரடி 2015-ல் மண்டாய்க்கு வந்தபோது பார்த்தோம். அது கரடி இனம்தானே? — வாசகர், அங் மோ கியோ

பதில்: கரடி இனம் அன்று, வெறும் கோவாலா என்றே சொல்லுங்கள். சிங்கப்பூரின் 50-ஆம் ஆண்டையொட்டி ஆஸ்திரேலியா இரவலாக அனுப்பிய நான்கு கோவாலாக்களைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதன் நெருங்கிய உறவு வளை தோண்டி வாழும் வொம்பட். இரண்டின் வயிற்றுப்பையும் பின்புறம் நோக்கித் திறப்பது அந்த உறவுக்கு ஒரு சாட்சி. மண்ணைத் தோண்டும் வொம்பட்டுக்கு அது வசதி, குட்டியின் மேல் மண் விழாது. மரமேறும் கோவாலாவுக்கு அது பாட்டனார் சொத்தாக வந்தது. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகர் வட்டாரம் ஆகிய இடங்களில் கோவாலா 2022 முதல் அழியும் ஆபத்தில் உள்ள விலங்காகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

கேள்வி: மெல்பர்னில் படிக்கும் என் மகள், பெரிய கிளைடருக்காக மரம் வெட்டுவதை நிறுத்தக் கோரும் கூட்டங்களுக்குப் போகிறாள். வெட்டிய இடத்தில் மரம் நடுகிறார்கள், மரம் மீண்டும் வளரும், விலங்குகளும் திரும்பி வரும் என்று நான் சொன்னால் கோபப்படுகிறாள். நான் சொல்வதில் என்ன தவறு? — தந்தை, உட்லண்ட்ஸ்

பதில்: ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது, மகளின் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு பொந்து.

நம் ஊரில் மரப்பொந்து என்றால் மரங்கொத்தி நினைவுக்கு வரும். ஒரு காய்ந்த கிளை கிடைத்தால் சில வாரங்களில் ஒரு வீட்டைக் குடைந்து முடித்துவிடும். அது விட்டுப்போன பின் மைனாவோ கிளியோ குடியேறும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி இனமே கிடையாது. அங்கே ஒரு பொந்து உருவாக வேண்டுமானால், மின்னலோ புயலோ ஒரு கிளையை முறிக்க வேண்டும்; முறிந்த இடத்தில் பூஞ்சை இறங்க வேண்டும்; கறையான் உள்மரத்தைத் தின்ன வேண்டும்; காட்டுத்தீ அதை இன்னும் கொஞ்சம் குடைய வேண்டும். யூகலிப்டஸ் மரத்தில் ஒரு பெரிய விலங்கு தங்கும் அளவுக்குப் பொந்து உண்டாவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நீங்கள் சொல்வதுபோல் நட்ட மரம் இருபது ஆண்டுகளில் காடு மாதிரித் தெரியும். ஆனால் அதில் ஒரு வீடுகூட இருக்காது.

பெரிய கிளைடர் பூனை அளவுள்ளது; உடலைவிட நீண்ட, அடர்ந்த ரோமம் கொண்ட வால்; எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேலும் போகும். யூகலிப்டஸ் இலையைத் தவிர அநேகமாக வேறொன்றையும் அது உண்பதில்லை. சத்துக் குறைந்த அந்த இலையில் வாழ்வதால் அதற்கு ஓடித் திரிய வலுவில்லை; ஓரிரு ஹெக்டர் காட்டுக்குள்ளேயே வாழ்நாளைக் கழித்துவிடும். அந்தச் சிறு பரப்புக்குள் ஒரே பொந்தில் தங்காமல் பல பொந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி. ஆகவே முதுமரங்கள் போனால் அது வேறு காட்டுக்கு நடந்து போவதில்லை, ஐயா. அங்கேயே இறந்துபோகிறது.

2016-ல் ‘பாதிக்கப்படக்கூடியது’ என்ற நிலையில் இருந்த இந்த இனத்தை, 2019–20 கோடையின் பெருந்தீக்குப் பிறகு, 2022-ல் ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. இதற்கிடையே 2020-ல் நடந்த மரபணு ஆய்வு, ஒன்று என்று எண்ணியிருந்த பெரிய கிளைடர் உண்மையில் மூன்று தனித்தனி இனங்கள் என்று காட்டியது. மூன்றாகப் பிரிந்ததும் ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் பரப்பும் நாம் நினைத்ததைவிடக் குறைவு என்று ஆயிற்று. வெப்பமும் ஒரு பகை. இரவிலும் புழுக்கம் தணியாத நாட்களில் அது இலை தின்பதையே குறைத்துக்கொள்கிறது. அது குடிக்கும் நீரில் பெரும்பகுதி இலையிலிருந்தே வருவதால் இது இரட்டைத் துன்பம்.

இதே கதையின் இன்னொரு பக்கத்தையும் மகளிடம் கேட்டுப் பாருங்கள். மஹோகனி கிளைடர் என்ற இனத்தை 1883-ல் பெயரிட்டு விவரித்தார்கள். பின்பு அதை மறந்தே போனார்கள். நூறாண்டுக்கு மேல் கழித்து, 1989-ல், வடகுவீன்ஸ்லாந்தின் கடலோரக் காட்டில் அது உயிருடன் இருப்பது தெரியவந்தது. முன்னே சொன்ன திருவிதாங்கூர் அணில் திரும்பக் கிடைத்த அதே ஆண்டு. ஆனால் அதற்குள் அந்தத் தாழ்நிலக் காட்டின் பெரும்பகுதி கரும்புத் தோட்டமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் ஆகியிருந்தது. மிச்சமிருந்த காட்டுத் துண்டுகளுக்கு நடுவே முள்கம்பி வேலிகள். இருட்டில் தாழ்வாகச் சறுக்கி வரும் கிளைடரின் படலம் அந்த முள்ளில் சிக்கினால், தானாக விடுவித்துக்கொள்ள அதனால் முடியாது. வேலியின் மேல்கம்பியை முள்ளில்லாததாக மாற்றினாலே பல உயிர்கள் பிழைக்கும் என்பதால், அங்குள்ள நிலக்காரர்களிடம் அதைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

சாலையைப் பொறுத்தவரை, ஈசூன் மாணவிக்குச் சொன்ன கணக்கு இங்கே வருகிறது. நாற்பது மீட்டர் அகலச் சாலையைக் கடக்க, ஓரத்தில் இருபது மீட்டருக்குக் கூடுதலான உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். அத்தனை உயர மரம் இல்லாத இடங்களில், உயரமான மரக்கம்பங்களை நட்டு, உச்சியில் குறுக்குக் கட்டை பொருத்தியிருக்கிறார்கள். சிட்னியையும் மெல்பர்னையும் இணைக்கும் ஹியூம் நெடுஞ்சாலையிலும், பிரிஸ்பேனின் காம்ப்டன் சாலையில் 2005-ல் அமைந்த காட்டுயிர்ப் பாலத்திலும், சுகர் கிளைடரின் நெருங்கிய உறவான அணில் கிளைடர்கள் இக்கம்பங்களில் ஏறிக் குதித்துச் சாலையைக் கடக்கின்றன. நம் புக்கிட் தீமா விரைவுச்சாலை இரண்டாகப் பிளந்த காட்டை 2013-ல் ஒரு பசுமைப் பாலத்தால் இணைத்ததும் இதே அக்கறையால்தான். சாலைக்கும் வேலிக்கும் மாற்று வழி செய்ய முடிகிறது. நூறாண்டுப் பொந்துக்கு முழு மாற்று இல்லை. மரப்பெட்டிகளை மாட்டுகிறார்கள், சில இனங்கள் அவற்றை ஏற்கின்றன, ஆனால் மெல்லிய பெட்டி வெயிலில் அடுப்பாகிவிடுகிறது. மகளிடம் பேசும்போது பொந்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

கேள்வி: வொம்பட்டின் சாணம் சதுரக் கட்டியாக இருக்கும் என்று என் பேரன் சொல்கிறான். நம்பலாமா? — பாட்டி, தெம்பனிஸ்

பதில்: நம்பலாம், அம்மா. அதன் குடலின் கடைசிப் பகுதியில் சுவர் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தில் இல்லை. இறுகிய பகுதியும் தளர்ந்த பகுதியும் மாறி மாறி அழுத்துவதால், காய்ந்துவரும் சாணத்துக்கு மூலைகள் உண்டாகின்றன. பாறை மேலும் மரக்கட்டை மேலும் அதை வைத்து எல்லை குறிப்பது வொம்பட்டின் வழக்கம். பேரனைப் பாராட்டுங்கள்.

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு பிரிஸ்பேன் போகிறோம். கூண்டில் இல்லாத கிளைடரைப் பார்க்க வழி உண்டா? — வாசகர், பொங்கோல்

பதில்: உண்டு. பிரிஸ்பேன் புறநகரக் காட்டுத் துண்டுகளிலேயே சுகர் கிளைடர், அணில் கிளைடர், இறகுவால் கிளைடர் வாழ்கின்றன. வழிகாட்டியோடு இரவு நடை செல்வது சிறந்தது. உங்களுக்கும் பாதுகாப்பு, காட்டுக்கும் பாதுகாப்பு. கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை ஒளி பட்டால் அவற்றின் பெரிய கண்கள் சில நிமிடம் கூசிப்போகும். அந்த நேரத்தில் ஆந்தை வந்தால் அவற்றுக்குத் தெரியாது. யூகலிப்டஸ் பட்டையில் ‘வி’ வடிவ வெட்டுகள் தெரிந்தால், மஞ்சள் வயிற்றுக் கிளைடர் சாறு குடிக்க வரும் மரம் அது. அதன் உரத்த குரல் அரைக் கிலோமீட்டர் வரை கேட்கும், பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். தின்பண்டம் எதையும் நீட்டாதீர்கள்.

பகலிலேயே, வாய் தேய்ந்து வழவழப்பான பொந்து உள்ள ஒரு முதுமரத்தைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பொழுது சாய்வதற்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போய், மரத்திலிருந்து இருபது அடி தள்ளி, பொந்தின் வாய் வானத்தின் வெளிச்சத்துக்கு எதிரே தெரியும்படி உட்காருங்கள். பேச வேண்டாம். நான் அப்படி உட்கார்ந்த மாலையில் நாற்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பொந்தின் விளிம்பில் ஒரு சின்ன மூக்கு வந்து காற்றை முகர்ந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக ஐந்து வெளியே வந்து, அடிமரத்தில் மேலேறி, கிளை நுனியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றில் இறங்கின. எதிர்மரத்தில் அவை பதிந்த ஓசை, பழுத்த இலை விழுந்ததுபோல் அவ்வளவு மெல்லியதாக இருந்தது.